பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உறங்குபவர்கள்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுப் பகுதியில் மூன்று தலைமுறைகளாக வீடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் வீதியில் வீட்டு வாசல்களிலும் மூடிய கடைகளின் படிகளிலும் ஆட்கள் படுத்துவிடுகிறார்கள். காலையில் வாசல் தெளிக்க முடியவில்லை. இவர்கள் ஏன் இங்கேயே வருகிறார்கள்? உழைக்க மனமில்லாதவர்களா? சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் என் மகள், அங்கே இது முற்றிப்போய் வசதியான பகுதிகளே நிலைகுலைந்துவிட்டதாகச் சொல்கிறாள். எங்கள் பகுதி அப்படி ஆகாமலிருக்க என்ன செய்ய வேண்டும்?"

உழைக்க மனமில்லாதவர்களா என்ற சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன் ஐயா, ஏனெனில் இந்த விஷயத்தில் எடுக்கப்படும் தவறான முடிவுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. நான் கடலூரில் சமூகப்பணி கற்பிப்பவன். மாணவர்களை அழைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்திலும், புதுச்சேரி ரயில் நிலையத்தைச் சுற்றியும், பெரிய மார்க்கெட்டின் ஓரங்களிலும் இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து, படுக்கத் துணி விரித்துக்கொண்டிருந்தவர்களிடம் பல ஆண்டுகள் பேசியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் அன்றைய பகலில் வேலை செய்துவிட்டுத்தான் படுக்க வந்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவியவர், மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர், கட்டட வேலையில் கலவை சுமந்தவர், பழைய இரும்பும் அட்டையும் பொறுக்கி எடைக்குப் போட்டவர், உங்கள் பகுதியிலேயே ஓர் உணவகத்தின் பின்கட்டில் காய்கறி நறுக்கியவர் என்று அவர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். விடியற்காலை நான்கு மணிக்கு மார்க்கெட்டில் நிற்க வேண்டியவருக்கு, வில்லியனூருக்கு அப்பால் குறைந்த வாடகையில் ஓர் அறை கிடைத்தாலும் பயனில்லை. அந்த நேரத்தில் அவரை நகருக்குள் கொண்டுவரப் பேருந்து ஓடத் தொடங்கியிருக்காது. நாலு நாள் தொடர்ந்து தாமதமாக வந்தால் மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வார். ஆகவே அவர் வேலை இருக்கும் இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் படுக்கிறார். அந்தத் தூரத்தில் அவருடைய கூலிக்குள் அடங்கும் படுக்கை ஒன்றும் இல்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி.

இதை இந்திய உச்ச நீதிமன்றமே 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. நடைபாதையில் வாழ்பவர்கள் பிழைப்பு அருகில் இருப்பதால்தான் அங்கே வாழ்கிறார்கள், இடத்தைப் பறித்தால் பிழைப்பும் போய்விடும், பிழைக்கும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று நீதிபதிகள் கூறினார்கள். நடைபாதையில் குடியிருக்க உரிமை உண்டு என்று அவர்கள் சொல்லவில்லை; அறிவிப்புக் கொடுத்தும் மழைக்காலம் கழிந்த பின்னும் அகற்றலாம் என்றுதான் தீர்ப்பு முடிந்தது. ஆனாலும் காரணம் சோம்பல் இல்லை, தூரமும் வாடகையும்தான் என்பது அன்றைக்கே பதிவாகிவிட்டது.

வாடகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தினக்கூலிக்காரர் ஒருவர் மாத வாடகையைத் தட்டுத்தடுமாறிக் கட்டிவிடக்கூடும். ஆனால் பல மாத வாடகையை ஒரே தொகையாக அட்வான்ஸ் கொடுக்க அவரால் ஒருபோதும் முடியாது. தனியாள் என்றால் "குடும்பத்தாருக்கு மட்டும்" என்ற பலகை அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. முன்பு உங்கள் வீதிகளிலும், வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ்ப் பகுதியிலும், பெரிய வீடுகளின் பின்கட்டு, வண்டிக் கொட்டகை, மாடியின் ஒற்றை அறை போன்றவை சமையற்காரருக்கும் காவற்காரருக்கும் கடைச் சிப்பந்திக்கும் குடக்கூலிக்கு விடப்பட்டன. இன்று அதே அறைகள் வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவர்களுக்கான விடுதி அறைகளாகிவிட்டன. வீட்டுக்காரருக்கு ஒரு மாதத்தில் கிடைத்த வாடகை இரண்டே இரவுகளில் கிடைக்கும்போது அவர் அப்படிச் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையில் இருந்த சமையற்காரர் நகரை விட்டுப் போய்விடவில்லை. விடுதி வந்ததால் சமையல் வேலை கூடியிருக்கிறது. சமைப்பவர் படுக்க இருந்த இடம்தான் குறைந்திருக்கிறது. உங்கள் பகுதியின் செழிப்பே அவரை அங்கே வரவழைக்கிறது, அதே செழிப்புதான் அவரை வாசற்படியில் படுக்கவும் வைக்கிறது.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர், அவர்களில் 9.38 லட்சம் பேர் நகரங்களில் இருந்தார்கள். பத்தாண்டுகளில் கிராமங்களில் இந்த எண்ணிக்கை குறைய, நகரங்களில் 7.78 லட்சத்திலிருந்து இந்த அளவுக்கு உயர்ந்தது. அதே கணக்கெடுப்பில் நகரங்களில் மட்டும் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. அடுத்த ஆண்டு மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்று மதிப்பிட்டு, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு அடித்தட்டு, குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கானது என்றது. வீடே இல்லாமல் போய்விடவில்லை. தேவைப்படுபவருக்குக் கட்டுப்படியாகும் வீடுதான் இல்லை. வீடற்றோரை ஒரே இரவில், விளக்கு வெளிச்சத்தில் தேடித்தான் எண்ணுகிறார்கள் என்பதால், கடை முகப்புக்குப் பின்னாலும் சரக்கு வண்டிக்கு அடியிலும் படுத்திருப்பவர்கள் எளிதில் விடுபட்டுப் போவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வாடகை முதன்மைக் காரணம் என்றாலும் எல்லோரையும் தெருவுக்குக் கொண்டுவந்தது அது ஒன்றே அன்று. இந்தக் கரைக்கென்றே சில காரணங்கள் உண்டு. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) துணி ஆலையும் சுதேசி, பாரதி ஆலைகளும் புதுச்சேரியில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு நிலையான சம்பளம் கொடுத்தன. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் ஏ.எஃப்.டி.யைச் சிதைத்தது, ஏற்கெனவே நொடித்திருந்த ஆலை அதன்பிறகு எழவேயில்லை. அதே புயல் கடலூர் மாவட்டத்தில் முந்திரித் தோப்புகளையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. முந்திரி காய்ப்புக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால், தோப்பில் கூலிக்குப் போனவர்கள் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து நகரங்களை நோக்கி வந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பிப் போகவே இல்லை. அதற்கு முன் 2004இல் சுனாமி, பின் 2015இல் வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின் பெருமழை என்று ஒவ்வொன்றும் குடிசை வைத்திருந்த சிலரைக் குடிசையும் இல்லாதவர்களாக்கிவிட்டுப் போயிருக்கிறது.

கடல் அரிப்பை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது வசதியான பகுதியோடு நேரடியாகத் தொடர்புடையது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணலை மறித்துவிட்டன. நகரத்தின் மணற்கரை மறைந்து, கடற்கரைச் சாலையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டிய இடம் தப்பியது; அலையின் வேகம் அதற்கு வடக்கே போய், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி போன்ற ஊர்களில் மீனவர் வீடுகளை வரிசை வரிசையாக இழுத்துக்கொண்டது. அண்மை ஆண்டுகளில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்து மணலை மீட்டது நல்ல பணிதான். ஆனால் காலையில் அந்த மணலில் நடக்கும்போது, அது போனபோது வீடு இழந்தவர்களும் இருக்கிறார்கள் என்பது நம் கணக்கில் வர வேண்டும்.

மனநோயும் முதுமையும் அடுத்த காரணங்கள். புதுச்சேரி ரயில் பாதையின் கடைசி நிலையம். ஹவுரா, புவனேசுவரம், தில்லி ஆகிய ஊர்களிலிருந்து வரும் வண்டிகள் இங்கே வந்து நின்றுவிடுகின்றன. எங்கே ஏறினோம், எங்கே போகிறோம் என்று அறியாத நிலையில் வண்டியேறியவர்கள் இங்கே இறங்குகிறார்கள், மேலே போக வழியில்லாமல். உங்கள் வீதியில் யாருக்கும் புரியாத மொழியில் தனக்குள் பேசிக்கொண்டு நடக்கும் பெண்ணை நீங்கள் பார்த்திருந்தால், அவருக்கு ஒரு குடும்பம் ஒடிசாவிலோ வங்காளத்திலோ இன்னும் அவரைத் தேடிக்கொண்டிருக்கலாம். தெருவில் அலையும் மனநோயாளிகளை மீட்டுப் பராமரிக்க 1993 முதல் சென்னையில் இயங்கும் பான்யன் நிறுவனமும், இதே பணிக்காக 2018இல் மகசேசே விருது பெற்ற மும்பை மருத்துவர் பரத் வாட்வானியும், சிகிச்சைக்குப் பிறகு இத்தகையவர்களில் பலர் ஊரையும் பெயரையும் நினைவுகூர்ந்து வீடு திரும்புகிறார்கள் என்பதைப் பலமுறை காட்டியிருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்வதும், காணாமற்போனவராக வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் காவல் நிலையத்தின் கடமை என்கிறது. லாக்கப்பில் வைக்கவே கூடாது.

முதியவர்களின் கதை வேறு. திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் நான் கேட்ட கதைகளில் திரும்பத் திரும்ப வருவது தான செட்டில்மென்ட் பத்திரம். இருந்த ஒரே வீட்டை மகன் பெயரில் எழுதிக்கொடுத்த மறு ஆண்டே திண்ணைக்கு வந்து, பிறகு திண்ணையும் இல்லாமல் போனவர்கள் அவர்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தை, பராமரிக்கத் தவறினால் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். நான் பேசியவர்களில் அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதியவர்கள் மிகச் சிலரே. பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை போடுவதா என்று கூச்சப்பட்டிருக்கிறார்கள்.

குடியைப் பற்றியும் கேட்பீர்கள். ஆம், அது உண்டு. மது மலிவாகக் கிடைக்கும் நகரம் இது. சிலரைக் குடி தெருவுக்குக் கொண்டுவந்தது. வேறு சிலர் தெருவுக்கு வந்த பிறகு, கொசுவுக்கும் உடல்வலிக்கும் பயத்துக்கும் நடுவே உறங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியவர்கள். குடியே மூலகாரணம் என்றால் வாடகை குறைந்த ஊர்களிலும் குடிப்பவர்கள் தெருவில் கிடக்க வேண்டும். அங்கே குடிப்பவருக்கும் ஒரு கூரை இருக்கிறது.

உங்கள் மகள் இருக்கும் நாட்டிலும் இதே பாடம்தான். 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் அமெரிக்காவில் வீடற்றோர் 7,71,480 பேர். முந்தைய ஆண்டைவிட நூற்றுக்குப் பதினெட்டு பங்கு கூடுதல். போதைமருந்துச் சாவுகளில் முன்னணியில் நிற்கும் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், மக்கள்தொகைக்கு ஏற்ற கணக்கில் வீடற்றோர் கலிபோர்னியாவைவிடப் பன்மடங்கு குறைவு. அங்கே வறுமை அதிகம், வாடகை குறைவு. செல்வம் குவிந்து, வாடகை ஏறி, புது வீடு கட்ட அனுமதி இறுகிப்போன சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில்தான் தெருவோரக் கூடாரங்கள் பெருகின. பணக்காரப் பகுதியை வீடற்றோர் நிலைகுலையச் செய்தார்கள் என்பதைவிட, ஏழைக்கு இடம் வைக்காமல் நகரம் வளர்ந்ததன் விளைவு கடைசியில் பணக்காரப் பகுதியின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது என்பதே பொருத்தம்.

விளைவுகளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் குறை நியாயமானது. சிறுநீர் நாற்றம், கலைக்கப்பட்ட குப்பைத்தொட்டி, இரவில் குடித்துவிட்டுக் கூச்சல் போடும் ஒருவர், தனியாக இருக்கும் மூதாட்டி கதவைத் திறக்கத் தயங்குவது ஆகியவையெல்லாம் உண்மை. கடைக்காரர் படியைக் கழுவிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய்ப் பாருங்கள். கட்டணக் கழிப்பறை இரவில் பூட்டப்பட்டால், வாசலில் படுத்திருப்பவருக்குச் சுவரை விட்டால் வேறு இடம் எங்கே? பெண்கள் இதற்காகவே மாலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் மாணவியரிடம் மட்டும்தான் அதைச் சொன்னார்கள். குற்றத்தைப் பொறுத்தவரை, நான் கேட்ட அளவில் வீடற்றோர் பெரும்பாலும் பறிகொடுப்பவர்களாகவே இருந்தார்கள். உறக்கத்தில் இடுப்பு மடியிலிருந்து கூலி போகும், செல்போன் போகும், ஆதார் அட்டை வைத்திருந்த பையே போகும். அவர்கள் வெளிச்சமும் காவலரும் உள்ள உங்கள் வீதியைத் தேடி வருவதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

வசதியான பகுதிக்கு ஏற்பட்ட இன்னொரு விளைவு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. புதுச்சேரித் தமிழ் வீதிகளின் அழகே தெருவை ஒட்டிய தாழ்வாரமும் அதற்குள்ளே திண்ணையும்தான். மரத்தூண்கள் தாங்கும் அந்தத் தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழலாகவும், திண்ணை இரவுத் தங்கலாகவும் இருக்கவென்றே கட்டப்பட்டவை. வைசியாள் வீதியில் அவற்றைப் பழைய அமைப்பிலேயே புதுப்பித்ததற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. அதே ஊரில் இன்று பல திண்ணைகளுக்கு இரும்புக் கம்பி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், சிலர் உட்கார முடியாதபடி சாய்த்து இடித்துக் கட்டிவிட்டார்கள். எல்லைப்பிள்ளைச்சாவடி, முதலியார்சாவடி, கடலூரில் சாவடி என்று நம் ஊர்ப் பெயர்களிலேயே வழிப்போக்கர் தங்குமிடம் இருக்கிறது. ஊர் எல்லையில் ஒரு கூரை வைப்பது அறம் மட்டுமன்று, ஊர் நிர்வாகத்தின் ஒரு பகுதியாகவும் இருந்தது. சாவடி போய்விட்டது, பெயர் மட்டும் பேருந்துப் பலகையில் நிற்கிறது. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் சோறு போடுகிறது. சோற்றுக்கு இந்த மண்ணில் எப்படியாவது வழி பிறந்துவிடுகிறது. இரவுக் கூரைக்குத்தான் அப்படி ஒரு வழி பிறக்கவில்லை.

இனி, என்ன செய்யலாம் என்ற கேள்வி. பெரிய மனிதர் வருகைக்கோ விழாவுக்கோ முன்பாக ஆட்களை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிடுவது எல்லா நகரங்களிலும் நடக்கிற ஒன்று. அப்படி இறக்கிவிடப்பட்டவர்களை ஒரு வாரத்துக்குள் அதே இடத்தில் நானே பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவரிடம் காசநோய் மாத்திரை அட்டை இல்லை, அடையாள அட்டை இல்லை, அவரை அறிந்திருந்த மேஸ்திரியின் தொடர்பும் விட்டுப்போயிருந்தது. அதாவது அவர் தெருவிலிருந்து மீண்டிருக்கக்கூடிய நாளை நாம் தள்ளிப்போட்டோம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் பொது இடத்தில் உறங்குபவர்களுக்கு நகராட்சிகள் அபராதம் விதிக்கத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. வாடகை கட்ட முடியாதவர் அபராதத்தை எதைக் கொண்டு கட்டுவார் என்பதற்குத் தீர்ப்பில் விடை கிடையாது. மாறாக, 2008 முதல் ஃபின்லாந்து, குடியை விட்டுவிட்டு வா, வேலை தேடிக்கொண்டு வா என்ற நிபந்தனை எதுவும் போடாமல் முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்து, பிறகு சிகிச்சையும் துணையும் அளித்து நீண்டகால வீடின்மையைப் பெரிதும் குறைத்தது. நம்மிடம் அந்த நாட்டின் கருவூலம் இல்லை என்பீர்கள். வரிசையையாவது எடுத்துக்கொள்ளலாம்: கூரை முதலில், மற்றது பிறகு.

நமக்கும் விதி இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் வகுத்த அளவு, நகர மக்கள்தொகையில் ஒரு லட்சத்துக்கு நூறு பேர் தங்கும் ஓர் உறைவிடம், ஆண்டு முழுதும் பகலிரவாகத் திறந்திருக்க வேண்டும் என்பது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதையே திட்டமாக்கி, ஆளுக்கு ஐம்பது சதுர அடி இடம் வேண்டும் என்றது. 2011 கணக்கில் 6.57 லட்சம் மக்கள் இருந்த புதுச்சேரி நகரத் தொகுதிக்கு ஆறேழு உறைவிடங்களும், 1.73 லட்சம் பேர் இருந்த கடலூருக்கு இரண்டும் இந்த அளவின்படி தேவை. அவை எங்கே அமைகின்றன என்பதே முக்கியம். ஊருக்கு வெளியே புறம்போக்கில் கட்டிய உறைவிடத்தில் கட்டில்கள் காலியாகக் கிடக்கும், மார்க்கெட் வாசலில் ஆட்கள் படுத்திருப்பார்கள். அதைக் காட்டி, இவர்களுக்கு உறைவிடம் கொடுத்தாலும் வருவதில்லை என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். பெரிய மார்க்கெட், ரயில் நிலையம், கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அவை இருக்க வேண்டும். ஜிப்மரைச் சொல்வதற்குக் காரணம், விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் நோயாளியோடு வந்து வாரக்கணக்கில் வெளியே படுக்கும் உறவினர்களும் அந்த நாட்களுக்கு வீடற்றவர்களே. பெண்களுக்குத் தனி உறைவிடம் வேண்டும், கணவன் மனைவியைப் பிரிக்காத குடும்ப அறைகளும் வேண்டும். பூட்டும் பெட்டி ஒன்று ஆளுக்கு வேண்டும். அது இல்லாததால் உள்ளே வர மறுத்தவர்களை நான் அறிவேன்.

இங்குதான் உங்கள் பகுதியின் சொல்லுக்கு வலிமை இருக்கிறது. உறைவிடத்துக்கு இடம் பார்க்கும்போதெல்லாம் அருகிலுள்ள குடியிருப்போர் சங்கம் எதிர்ப்பு மனு கொடுப்பது வழக்கம். வசதியானவர்களின் மனு விரைவாகப் படிக்கப்படுகிறது. அதே கையெழுத்துகளோடு, வாய்க்கால் ஓரத்தில் பயன்படாமல் கிடக்கும் அரசுக் கட்டடம் ஒன்றை உறைவிடமாக்குங்கள், கழிப்பறையை இரவிலும் திறந்து வையுங்கள் என்று ஒரு மனு போனால் அதிகாரிகளுக்கு அது புதிதாக இருக்கும். உங்கள் வாசல் சுத்தமாக இருப்பதற்கும் அதைவிடக் குறுகிய வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன் இன்று இரவு செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வாசலில் வழக்கமாகப் படுப்பவர் ஒருவராகத்தான் இருப்பார்; அவர் படுக்க வரும் நேரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எந்த ஊர், என்ன வேலை, எத்தனை மணிக்கு எழ வேண்டும், ரேஷன் அட்டை தமிழ்நாட்டுடையதா புதுச்சேரியுடையதா, மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். மனம் பேதலித்தவராகத் தெரிந்தால், மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவைச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வேலை செய்பவராக இருந்தால் அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நகராட்சிக்குக் கொடுக்கும் மனுவில் இணைக்க அந்தத் தாள் உதவும்.